நைலானைக் கொளுத்திப் பார்த்தது

சூலக்கரைப் பக்கம் ஒரு குடோனில் தையல் கம்பெனிக் கழிவுத் துணிகளைப் பிரிக்கும் வேலை எனக்கு. பருத்தியைத் திரும்பப் பஞ்சாக்குவார்கள், நைலானை உருக்குவார்கள். விரலால் தடவியே பிரித்துவந்தேன். போன வாரம் இரண்டும் கலந்து, லோடு திரும்பி வந்துவிட்டது.

"நூலைக் கொளுத்திப் பாருங்க ஆத்தா. முடியாதுன்னா நாளைக்கு வராதீக" என்றார் மேஸ்திரி.

"அவுகளுக்குத் தீப்பெட்டின்னா ஆகாதுண்ணே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"சிவகாசியில பொறந்துட்டு தீப்பெட்டிக்குப் பயமா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் பட்டாசு கம்பெனித் தீயில் போனவள். பருத்திச் சேலை காயாததால் அன்று நைலான் சேலை கட்டியிருந்தாள். இதை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே போய்க் குச்சியை உரசினேன். பருத்தி நூல் சாம்பலாக உதிர்ந்தது. நைலான் உருகி, கறுத்துச் சுருண்டு, விரலோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப வித்தியாசம் தெரியுதா?" என்றார் மேஸ்திரி.

"தெரியுது" என்றேன்.