டெய்ரி ஃபார்மில் இறங்கிய காய்ச்சல்

ஜெயமணி டீச்சருக்குப் பயம் என்பதே கிடையாது என்று போர்ட் பிளேரில் அவரிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? வானம் கறுத்தால் பயம், தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினால் கை கால் ஓடாது. வகுப்பில் நின்றால் மட்டும் எல்லாம் மறந்துபோகும்.

பதினோராம் வகுப்புக்கு அன்று, நோய் வந்த ஊரைக் கதைகள் எப்படிக் காட்டுகின்றன என்று நடத்தினார். காய்ச்சல் ஒருவருக்கு வரும், புத்தி மாறுவதோ ஊருக்கே; எழுதுகிறவர் கவனிப்பது அதைத்தான் என்றார். பிறகு ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னார். தெருவும் கடையும் நிஜமாக இருக்க வேண்டும், பார்க்காத ஊரை எழுதினால் மதிப்பெண் கிடையாது. அது டீச்சரின் பிடிவாதம்.

கௌதம் போர்ட் பிளேரிலேயே இருக்கும் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியை எழுதினான். சென்னைக் கப்பலில் வந்த சின்ன வெங்காய மூட்டையோடு ஒரு காய்ச்சலும் இறங்குகிறது. மூட்டையைப் பிரித்த காய்கறிக் கடை ஒச்சம்மா முதலில் படுக்கிறாள். அச்சு அசலாக, நிஜத்தில் அங்கே இருக்கிற அதே கடை, அதே ஒச்சம்மா. டீச்சர் பூரித்துப்போய், அவனை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்.

வெங்காயத்துக்குக் கப்பலை எதிர்பார்த்துக் கிடக்கிற ஊர் இது. காய்ச்சலும் அதில் வந்தது என்றால் நம்பாமல் இருப்பார்களா? 'இது கதை' என்று டீச்சர் தொடக்கத்தில் சொன்னதை யாரோ வெட்டிவிட்டார்கள். இன்னொரு புண்ணியவான் அதை இந்தியிலும் சொல்லி அனுப்பினான். கப்பலில் நோய், 'ஜஹாஜில் பீமாரி' வந்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஒச்சம்மா கடையில் ஈ, காக்கை இல்லை.

டீச்சர் உடனே போனை எடுத்தார். அது வெறும் கதை என்று குழுவில் எழுதினார். அப்படிச் சொல்லச் சொல்லி மேலிடத்து உத்தரவா என்று ஒருவர் கேட்டார். வேலை போகுமோ, போலீஸ் வருமோ என்று நடுங்கி, அதற்கப்புறம் டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் ஒச்சம்மாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று தெரிந்தது. மழைக்காலத்தில் யாருக்குத்தான் வராது? ஆனால் தனியாக இருப்பவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரு ஆட்டோவும் வரவில்லை. அவள் போய்விட்டால் கொன்றது தான்தான் என்று டீச்சருக்குத் தோன்றியது. கூடவே, ஒருவேளை ஒட்டுகிற காய்ச்சலாகவே இருந்துவிட்டால் என்றும் தோன்றியது. கதை எழுத வைத்தவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாருங்கள். பயத்தோடுதான் ஸ்கூட்டரை எடுத்தார்.

ஒச்சம்மா வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"உள்ள வராதீங்க டீச்சர். ஜஹாஜ்ல வந்த பீமாரியாம். ஒங்களுக்கும் ஒட்டிக்கிரும்."

கௌதம் எழுதிய கதை அது, எழுதச் சொன்னதும் பரப்பியதும் தான்தான் என்று டீச்சர் வெளியே நின்றே ஒப்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். உள்ளேயிருந்து ஒச்சம்மா கேட்டாள்.

"இத்தன நாளா ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே டீச்சர், அதுவும் கதைதானா?"

டீச்சர் கதவைத் தட்டினார்.

"தொறங்கக்கா," என்று மட்டும் சொன்னார்.

கதவு திறந்தது. ஒச்சம்மாவின் கை அனலாகக் கொதித்தது. இழுத்துக்கொள்ளத் துடித்த தன் கையை டீச்சர் இழுக்கவில்லை. பின்னால் உட்காரவைத்து, விழுந்துவிடாதபடி ஒரு துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

தெருமுனையில் மீனா வந்துகொண்டிருந்தாள். அதே பதினோராம் வகுப்புப் பெண். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவள், பின்னால் இருப்பது யார் என்று தெரிந்ததும் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை ஓரமாக ஒதுங்கினாள். கௌதம் அந்தக் கதையை வாசித்தபோது அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டியவள் அவள்.