மகளின் வயதுள்ள டயர்கள்

சரியான அளவில் பழைய டயரா, வேறு அளவில் புதிய டயரா? பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓடும் காருக்கு எது நல்லது? மாரி மழை தொடங்குவதற்கு முன் என் முன்னால் வந்து நின்ற இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டேன். அதில்தான் தினமும் ஓடுகிறேன்.

வீடு லிங்கநகரில். நான் படிப்பிப்பது கட்டைபறிச்சானில். சீனக்குடா, கிண்ணியாப் பாலம், மூதூர் என்று கடல் குடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மகளுடைய பாலர் பாடசாலையும் எங்கள் பள்ளிக்கு அடுத்த வளவிலேயே இருப்பதால், பின் இருக்கையில் அவளுக்கென்று பூட்டிய கதிரையில் அவளும் என்னோடு வருவாள். போன மாரியில் ஒரு மாட்டுக்காக பிரேக் பிடித்தபோது கார் நிற்காமல் கொஞ்சத் தூரம் வழுக்கிப் போனது. மாடு அசையவில்லை. மகள் சிரித்தாள். நான் மட்டும் பள்ளிக்குப் போய்ச் சேரும்வரை முப்பதுக்கு மேலே ஓடவில்லை. டயர் மொட்டையாகிவிட்டது என்று அன்றைக்கே தெரியும்.

எங்களுடையது சின்னக் கார். 155/65, ரிம் 14 என்பது அதன் டயர் அளவு. துறைமுகப் பக்கத்து டயர் கடையில் அந்த அளவு இருந்தது. முதலாளி கிண்ணியாக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். நாலு டயரையும் உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். நான் குனிந்து பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைத் தேடினேன். முதல் இரண்டும் செய்த வாரம், கடைசி இரண்டும் செய்த வருடம் என்று எங்கோ வாசித்திருந்தேன்.

“நானா, இது என்ர மகள் பிறந்த வருசத்து டயர்.”

“அப்ப நல்லதுதானே டீச்சர். ரெண்டு பேரையும் ஒண்டாப் பள்ளிக்கூடத்தில சேர்க்கலாம்.”

துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் என் கணவர் அன்றைக்கு லீவில் இருந்தார். அவருக்கு இந்தப் பகிடி நன்றாகப் பிடித்துவிட்டது. “என்னைக் கட்டேக்கையும் இப்பிடித்தான் நானா. முகத்தைப் பாக்கேல்லை, சாதகத்தில வயசைத்தான் பாத்தவ.”

முதலாளி சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறொரு டயரை எடுத்து வந்தார். 165/65. ரிம் அதேதான், செய்தது இந்த வருடம். அகலம் ஒரு சென்ரிமீற்றர் கூட. உயரமும் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே கூட. “புதுசு வேணுமெண்டா இதப் போடுங்க. கனபேர் போட்டிரிக்காங்க. ஒருத்தரும் குறை சொல்லித் திரும்பி வரல்ல.”

“திரும்பி வர ஏலாமப் போச்சுதோ தெரியாது” என்றார் கணவர். நான் அவரை முறைத்தேன்.

பாவிக்காமலே கிடந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகிப்போயிருந்தால் மழையில் பிடிக்காது. பெரிய டயர் உள்ளே எங்காவது உரசினால் அதுவும் ஆபத்து. கொழும்பிலிருந்து புதிய சரக்கு வரும்வரை பொறுக்கலாம் என்றால் மழை பொறுக்காது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன். முன் டயர் இரண்டையும் பூட்டி, ஆட்களை ஏற்றி, ஸ்டேரிங்கை முழுதாக வெட்டிப் பார்த்த பிறகுதான் மிச்சம்.

முதலாளியும் கணவரும் பின் இருக்கையில், கதிரையில் இருந்த மகளுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் ஸ்டேரிங்கை இடப்பக்கம் முழுதாக வெட்டிவிட்டு இறங்கினேன். டயருக்கும் மேலே இருந்த பிளாஸ்டிக் மறைப்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது.

“இறங்கலாமா டீச்சர்?”

“இன்னும் இல்லை நானா. மற்றப் பக்கமும் இருக்கு.”

“தம்பி, வீட்டிலயும் இப்பிடித்தானா?”

“வீட்டில இதைவிட மோசம்.”

மற்றப் பக்கமும் விரல் போனது. மிச்ச இரண்டையும் பூட்டச் சொன்னேன்.

கடையிலிருந்து நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல நாலு சக்கரத்துக்கும் நாலு தேசிக்காய் வைத்தோம். கணவர் காருக்கு முன்னால் சிதறு தேங்காய் அடித்தார். தேங்காய் நன்றாகத்தான் சிதறியது. எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போக, மகள் கைதட்டினாள். நான் காரை உருட்டித் தேசிக்காய்களை நசித்தேன். கணவர் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்துபோனார். நான் மகளோடு, டயர் எப்படி ஓடுகிறது என்று பார்க்கச் சீனக்குடாப் பக்கம் போனேன்.

ஊருக்குள் இருந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. குடாக் கரையோரம் வந்ததும் கேட்டது. டக், டக், டக். வேகம் கூடினால் சத்தமும் வேகமாக வந்தது.

“அம்மா, கார் கதைக்குது” என்றாள் மகள்.

காரை ஓரங்கட்டினேன். உரசுகிறது, பெரிய டயர்தான் உரசுகிறது என்று முடிவு கட்டினேன். கணவருக்குப் போன் எடுத்தேன்.

“டயர் அடிக்குதப்பா. நான் அப்பவே யோசிச்சனான்.”

“நீர் எதைத்தான் யோசிக்கேல்லை? இறங்கி முதல்ல டயரைப் பாரும்.”

தலையில் பேன் பார்ப்பதுபோல ஒவ்வொரு டயராகத் தடவிக்கொண்டு வந்தேன். முன் இடப்பக்க டயரின் வெட்டுக்குள், வெள்ளைத் தேங்காய் ஒட்டியபடி, ஒரு சிரட்டைத் துண்டு இறுகிக் கிடந்தது. நாங்களே உடைத்து, நாங்களே அதன்மேல் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். சாவிக் கொத்தில் இருந்த வீட்டுத் திறப்பால் நெம்பி எடுத்தேன். மகள் தனக்குத் தின்னத் தரும்படி கேட்டு அழுதாள். தொலைபேசியில் கணவர் சிரித்து முடிய வெகுநேரமானது.

அதற்குப் பிறகு கார் கதைக்கவில்லை. மழை வந்தது. பாலத்தடியில் பிரேக் பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கிறது. பள்ளங்களில் முன்புபோலக் குலுக்குவதில்லை என்பதாலோ என்னவோ, மகள் கிண்ணியா வருமுன்பே நித்திரையாகிவிடுகிறாள். பெரிய டயரில் வேகமானி உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்று வாசித்ததால் நான் இன்னும் மெதுவாக ஓடுகிறேன். பின்னால் வரும் பஸ்காரர்களுக்கு மட்டும்தான் இதில் கவலை.

ஒரே ஒரு நாள், சக ஆசிரியைகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் மழை அரித்த பள்ளத்தில் இறங்கி முழுதாகத் திருப்பியபோது ‘சர்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். உள்மறைப்பில் உரசித் தேய்ந்ததுபோல நகமளவு ஒரு மினுக்கம். துடைத்தால் போகவில்லை. பழைய கீறலாகவும் இருக்கலாம். “அது மண்” என்கிறார் கணவர். மறுபடியும் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

இதை வாசிப்பவர்களில் யாராவது சின்னக் காருக்கு இந்த அளவு டயர் போட்டு ஓடியிருக்கிறீர்களா? ஆட்களை நிறைய ஏற்றித் திருப்பும்போது எப்போதாவது இப்படி ஒரு உரசல் கேட்டால் விட்டுவிடலாமா? அல்லது அடுத்த மாரிக்கு முன் பழைய அளவுக்கே திரும்பிவிட வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். “பயப்படாதே” என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்.