கார் கட்டும் பெஞ்சமினும் ஐந்தாவது பிரேக்கும்

எங்கள் பெரியப்பா பெஞ்சமினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார், அதுவும் வண்டியைத் தள்ளும்போது திருப்புவதற்காக. ஆனாலும் வேகக் கார்களைப் பற்றி அவர் அறிந்த அளவுக்கு அறிந்தவர் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை என்று நான் தைரியமாக எழுதுவேன். அதற்குச் சாட்சியாக ஒரு ஜனவரி மாதத்துப் பகல் பொழுது இருக்கிறது.

அவருடைய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பாம்பனில் ரயில் பாலம் மட்டும்தான். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வரும் கார் தனுஷ்கோடித் துறையில் இறங்கும். அங்கிருந்து மண்டபம் வருவதற்கு அதைத் திறந்த ரயில் வேகனில் ஏற்றிக் கட்ட வேண்டும். மண்டபத்தில் அவிழ்த்து இறக்கினால் அதற்கப்புறம்தான் ரோடு. அந்தக் கட்டும் வேலையும், வேகனிலேயே கூட வந்து அவிழ்க்கிற வேலையும் பெரியப்பாவுக்கு.

தங்கச்சிமடத்தில் பிறந்து இருபத்தாறு வயது வரை வத்தைப் படகில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலைக்கு வந்தார். அப்போதெல்லாம் காரை நாலு பக்கமும் இரும்புச் சங்கிலி போட்டு முறுக்கிவிடுவார்கள். பாலத்தில் காற்று பிடித்து வேகனை ஆட்டும்போது பம்பர் பிய்ந்துகொண்டு வரும். பெரியப்பா சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தார். "படகை இறுக்கிக் கட்டுனா அலையில பலகை பேந்துரும்லே. காரும் அப்படித்தான். ஸ்பிரிங்கு மூச்சு விடணும்" என்பார். கயிற்றை வண்டியின் உடம்பில் கட்டமாட்டார், அடியில் அச்சோடு சேர்த்துக் கட்டுவார். அதற்காக ஒவ்வொரு காருக்கும் அடியில் அரை மணி நேரம் மல்லாக்கப் படுத்திருப்பார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் பனங்கட்டை வைத்துத் தட்டுவார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கட்டிய கார் ஒன்றிலும் கீறல் விழுந்ததில்லை.

சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்துக்குக் கொழும்பிலிருந்து கார்கள் வருகிற மாதம் வந்துவிட்டால் அவருக்குத் திருவிழாதான். குனிந்து உட்காருகிற உயரத்தில், கூரை இல்லாமல், கம்பிச் சக்கரங்களோடு அவை வரும். ஆறு சிலிண்டரா, நாலு சிலிண்டரா, புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது, எதற்கு எண்ணெய் ஒழுகுகிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஐம்பத்தேழில் நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் வந்த ஒரு வெள்ளைக் காருக்கு அடியில் படுத்தவர் பதறி எழுந்தார். முன்சக்கரங்களுக்கு உள்ளே பிரேக்கை மூடியிருக்கிற இரும்பு டிரம் இரண்டும் இல்லை. வெறும் தட்டுத்தான் பளபளவென்று தெரிந்தது. கப்பலிலிருந்து இறக்கும்போது கழன்று விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி, துறை முழுக்கத் தேடினார். கடலில் விழுந்திருக்குமோ என்று சட்டையைக் கழற்றிக் குதித்து மூழ்கியும் பார்த்திருக்கிறார். கடைசியில் ஈர வேட்டியோடு காரின் சொந்தக்காரர் முன்னால் போய் நின்று, "மூடி ரெண்டும் காணாமப் போச்சு துரை, நான்தான் பொறுப்பு" என்றாராம். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். இது புது மாதிரி பிரேக்காம். மூடியே கிடையாதாம். தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்குமாம். வெளிக்காற்று படுவதால் சூடு தங்காதாம்; சூடு ஏறினால்தான் பிரேக் பிடிக்காமல் போகுமாம்.

பெரியப்பா அதை மறக்கவில்லை.

மண்டபம் ஸ்டேஷனுக்கு எதிரே மலையாண்டி டீக்கடை. டாக்ஸி டிரைவர்களும் பஸ் டிரைவர்களும் அங்கே கூடிக் கார்ப் பேச்சு பேசுவார்கள். பெரியபட்டினத்துச் சதக்கத்துல்லா பாய் அதில் தலைவர் மாதிரி. பிளைமவுத் டாக்ஸி வைத்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் விழாது. திருப்புல்லாணிப் பக்கத்துக் கூத்தையா பஸ் ஓட்டுகிறவர், வாய் அதிகம். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. லைசென்ஸ் இல்லாதவன் கேட்கலாம், பேசக்கூடாது. பெரியப்பா வாயைத் திறந்தால் கூத்தையா கையை நீட்டுவார்: "லைசென்ஸ எடு, பாப்போம்!" எல்லாரும் சிரிப்பார்கள். பெரியப்பாவும் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார். ஆனால் மறுநாளும் போவார். கடலை விட்ட பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்தப் பேச்சுத்தான்.

ஐம்பத்தொன்பது பொங்கல் லீவுக்கு நான் மதுரையிலிருந்து வந்திருந்தேன். பி.ஏ. கடைசி வருஷம். அன்றைக்குக் காலை வேகனில் இரண்டு கார்கள் வந்து இறங்கின. ஒன்று பச்சை, நீளமான மூக்கு, ஆறு சிலிண்டர். இன்னொன்று வெள்ளை, சின்னது, நாலு சிலிண்டர், அந்தத் தட்டு பிரேக் போட்ட ரகம். இரண்டு கம்பெனியும் இன்னும் கார் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், பேர் சொல்லி வம்பு வேண்டாம். பச்சைக் காரின் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர். வெள்ளைக் காரின் சொந்தக்காரர் ஒரு கொழும்புத் துரை, ஐம்பத்தேழில் வந்தவர் வேறு; இவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான். சுங்கக் காகிதம் வந்து சேராததால் இருவரும் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. டீக்கடைக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

கேட்க வேண்டுமா! சதக்கத்துல்லா பாய் ஆரம்பித்துவிட்டார்.

"பச்சைதான் வண்டி! நூத்திருபது மைலு போகும். மூக்கப் பாருங்க, சுறா மாதிரி!"

"வெள்ளை எடை கம்மி பாய். வளைவுல நிக்கும்" என்றார் மலையாண்டி, டீ ஆற்றிக்கொண்டே.

"அதுல இருக்கிறது டிராக்டர்ல வைக்கிற எஞ்சினு. வயல் உழவா போறாக சோழவரத்துக்கு?" என்றார் பாய்.

கடை சிரிப்பில் குலுங்கியது. அப்போது பெரியப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "வேகத்துல பச்சைதான். ஆனா இந்த ரெண்டையும் விரட்டி விரட்டி நிப்பாட்டுனா, அஞ்சாவது தடவையில பச்சை நிக்காது. வெள்ளை நிக்கும்."

கூத்தையா கையை நீட்டினார். "ஏலே பெஞ்சமினு, லைசென்ஸ எடு!"

"இல்ல."

"தள்ளி ஏத்துறவனுக்கு ஓட்டத்தப் பத்தி என்னலே பேச்சு? கயித்தப் பத்திக் கேட்டா நீ சொல்லு."

வழக்கமாகச் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. இலங்கைக்காரர்கள் முன்னால், என் முன்னால் சொன்னது சுட்டிருக்க வேண்டும். "ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. நான் சொன்னது பொய்யாப் போச்சுன்னா இந்தக் கடைப்பக்கம் காலு வைக்கமாட்டேன். காருன்னு வாயத் தொறக்கமாட்டேன். செபமாலை மேல சத்தியம்."

அவர் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். வத்தையை விட்டபோதும் அப்படித்தான் சத்தியம் பண்ணினார், திரும்ப ஏறவேயில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அடியில படுத்துத்தானய்யா கட்டுனேன்."

"நல்லாக் கதைக்கிறீர். சரி, பாப்பம். எனக்கும் பொழுது போகுதில்லை."

துரைக்கு நான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். அவர் பெரியப்பாவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

உச்சிப்புளி போகிற ரோட்டில் ஒரு நேர் நீட்டம் உண்டு. இரண்டு பக்கமும் முள் அடர்ந்த உடைமரமும் மணலும். ஆடு மாடு வராமல் இருக்க இரண்டு முனையிலும் ஆள் நின்றது. ரோட்டின் குறுக்கே மலையாண்டி சுண்ணாம்பால் கோடு போட்டார். அறுபது மைல் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக்கை மிதிக்க வேண்டும். நின்ற இடம் வரை கூத்தையா நடந்து எத்தனை எட்டு என்று எண்ணுவார். ஆற விடாமல், திருப்பிக்கொண்டு போய் உடனே அடுத்த ஓட்டம். மொத்தம் ஐந்து.

முதல் ஓட்டம். பச்சை உறுமிக்கொண்டு வந்து அறுபத்தொரு எட்டில் நின்றது. வெள்ளை அறுபத்து நாலு.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் சதக்கத்துல்லா பாய். "பெஞ்சமின், உம்ம தட்டு எங்க?"

"அஞ்சு தடவைன்னேன் பாய்."

இரண்டாவது ஓட்டம். பச்சை அறுபத்திரண்டு. வெள்ளை மறுபடி அறுபத்து நாலு. டிரைவர்கள் விசிலடித்தார்கள். கூத்தையா பக்கத்தில் வந்து, "இப்பவே விட்ரு. துரைமாருகிட்ட கும்பிட்டுக் கேட்டுக்கலாம். சத்தியத்தையும் நாங்க மறந்துர்றோம்" என்றார். அவர் குரலில் கேலி பாதிதான் இருந்தது, மீதி இரக்கம். இரக்கம்தான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணுற வேலையப் பாருப்பா" என்றார். ஆனால் ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்து, கையிலிருந்த கயிற்று நுனியைப் பிரித்துப் பிரித்து நாராக்கிக்கொண்டிருந்தார். அவர் கயிற்றைப் பாழாக்கி நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது ஓட்டத்தில் பச்சையும் அறுபத்து நாலு, வெள்ளையும் அறுபத்து நாலு. விசில் கொஞ்சம் குறைந்தது.

நாலாவது. பச்சை கோட்டைத் தாண்டியதும் மூக்கு கீழே குத்தியது, ஆனால் பழைய பிடிப்பு இல்லை. எழுபத்தேழு எட்டு. கருகின வாடை வந்தது. வெள்ளை வந்தது, அறுபத்தைந்து. கூத்தையா இரண்டு முறை எண்ணிப் பார்த்து, நின்ற இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்தார். "அறுபத்தஞ்சுதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

பெரியப்பா எழுந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் பச்சையைத் திருப்பும்போது ரோட்டுக்குள் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தார்.

"அய்யா, போதும். வேணாம்."

"ஏன்? நாலுதானே முடிஞ்சுது. நீர் சொன்னது அஞ்செல்லோ?"

"நான் சொன்னது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். மிதிச்சா பிரேக்கு பிடிக்காம உள்ள போயிரும் அய்யா. உங்களுக்கு ஒண்ணு ஆகக்கூடாது."

நான் அந்த இடத்தில் பெரியப்பாவைப் பார்த்ததைப்போல அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. நாலு ஓட்டம் தாங்கிவிட்டு, ஜெயிக்கிற நேரத்தில், சத்தியப்படி அந்தக் கடைப்பேச்சையே இழக்கத் துணிந்து நிற்கிறார்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நான் நாற்பதில வாறன். கோட்டுக்கு அங்கால பக்கத்தில மணல்தானே. நீங்கள் எல்லாரும் தள்ளி நில்லுங்கோ."

சொன்னபடி நாற்பதில்தான் வந்தார். கோட்டைத் தொட்டார். மிதித்தார். வண்டி கேட்கவே இல்லை. அறுபது எட்டைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது, அவர் ஸ்டியரிங்கை ஒடித்து மணலுக்குள் இறக்க, உடைமரத்துக்கு ஒரு பாகம், இரண்டு கை விரித்த நீளம், முன்னால் போய்ப் புதைந்து நின்றது. நாங்கள் ஓடினோம். மனிதருக்கு ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே இறங்கினார். சக்கரத்திலிருந்து புகை வந்தது.

வெள்ளை ஐந்தாவது முறை அறுபது மைலிலேயே வந்தது. அறுபத்தைந்து எட்டில் நின்றது. கூத்தையா எண்ணவில்லை, நாலாவது ஓட்டத்து அடையாளத்தைப் பார்த்ததோடு சரி.

அப்புறம் யாழ்ப்பாணத்துக்காரர் பெரியப்பாவின் தோளில் கை வைத்தார். "சென்னையில இந்தப் பிரேக்கை வடிவா, முழுசாப் பாக்காமல் நான் பந்தயத்துக்கு இறங்கமாட்டன். நீர் சொல்லாட்டி அங்கை போய்த்தான் தெரிஞ்சிருக்கும். உமக்குத் தெரிஞ்சதை எனக்கு ஒருக்காக் காட்டும்."

பெரியப்பா வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் மணலில் மல்லாக்கப் படுத்து, உடம்பை நெளித்து அடியில் நுழைந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் படுத்தார். உள்ளிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "இதுதான் தட்டு. இந்தா, கவ்வுற இடம். காத்து இந்த வழியா வருது பாருங்க. உங்க பச்சையில மூடியிருக்கிறதால சூடு உள்ளயே நின்னு போகுது."

துரை என்னிடம், இந்த ஆள் எந்தப் பட்டறையில் படித்தவர் என்று கேட்டார். எங்கள் பெரியப்பா, வேகனில் படித்தவர் என்று சொன்னேன். இங்கிலீஷில் நான் சொன்ன வாக்கியங்களில் அவ்வளவு நிமிர்ந்து சொன்னது வேறொன்று கிடையாது.

திரும்பிப் பார்த்தால் கூத்தையா முன்சக்கரத்துப் பக்கம் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து இன்னும் இரண்டு டிரைவர்கள். சதக்கத்துல்லா பாய் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவரும் மெதுவாகப் படுத்தார்.

"பெஞ்சமின், கொஞ்சம் தள்ளிப் படும்யா. எங்களுக்கும் தெரியட்டும்."