தொப்பி அறையில் செருப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது இதுதான்:

1. ஹம்பேர்க்கில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் பழைய பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனேன்.

2. வழக்கம்போல எல்லாரும் சப்பாத்துகளை வகுப்பறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். உள்ளே சரஸ்வதி படம் இருக்கிறது.

3. அந்த வழியாக வந்த பள்ளி அதிபர் சப்பாத்துக் குவியலில் தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

4. "ஆபத்தில் பிள்ளைகள் வெளியே ஓடவேண்டிய பாதை இது. இன்னொரு முறை கண்டால் அறை கிடையாது" என்றார் அவர்.

5. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் என்னை? கட்டடங்களின் தீப்பாதுகாப்புதான் என் தொழில். வார நாட்களில் ஊரெல்லாம் போய், "நடைபாதையில் ஒன்றும் வைக்காதீர்கள்" என்று சொல்பவள்... சனிக்கிழமை மட்டும் என் சப்பாத்தும் அந்தக் குவியலில்!

அடுத்த வாரம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதுவிப்பதாக இருந்தது. அறை போனால் எங்கே போவது? வகுப்புப் பொறுப்பாளர் சிவமலர் அக்கா பதறிவிட்டார்.

"நீர் இன்ஜினியர்தானே, ஏதும் சொல்லுமன்!"

"அதிபர் சொல்லுறது சரி அக்கா. வெளியில வைக்க ஏலாது."

"அப்ப சரஸ்வதிக்கு முன்னால சப்பாத்தோட இருக்கச் சொல்லுறீரோ? நல்ல இன்ஜினியர்தான்!"

என்ன சண்டை என்று அதிபர் கேட்டார். ஜெர்மனில் விளக்கினேன். அவர் சாவிக்கொத்தை எடுத்து வகுப்பறையின் பின்சுவரில் இருந்த ஒடுங்கிய கதவைத் திறந்தார். பூட்டிய அலுமாரி என்றுதான் அதை இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம்.

உள்ளே நீளமான ஒரு சின்ன அறை. நிறக் கண்ணாடி ஜன்னல். சுவர் முழுக்க மரத்தட்டுகள். மஞ்சள் வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

அதிபர் கதை சொன்னார்: இந்தப் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த கிம்னாசியம், அதாவது மேல்நிலைப் பள்ளி. வகுப்புக்கு ஒரு நிறத்தில் தொப்பி. காலையில் வந்ததும் அதை இந்தத் தட்டுகளில் வைப்பார்களாம். தொப்பி வழக்கம் போனது. பல காலம் கழித்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அந்த முதல் பெண்பிள்ளைகளில் ஒருவர் — இந்த அதிபர்.

"முற்றம் பையன்களுடையது. இடைவேளையில் நாங்கள் இங்கேதான் நிற்போம்" என்றார்.

"துரத்தினார்களா?"

"இல்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை."

காலித் தட்டுகளைப் பார்க்கப் பார்க்கப் பழைய நாட்கள் என் மனதில் ஓடின. நீலம், சிவப்பு, பச்சை என்று வரிசையாகத் தொப்பிகள்... பிறகு மழை சொட்டும் சின்னச் சின்னக் கோட்டுகள்... ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்க்கும் ஒரு சிறுமி. நடைபாதைச் சுவரில் பழைய அதிபர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. இந்த அறைக்கு ஒரு படமும் இல்லை. பள்ளிக்கூட வரலாறு என்று நாம் சொல்வது அதில் பாதியைத்தானோ?

ஒருவழியாகத் தொழில் புத்தி திரும்பி வந்தது. தனி அறை. கதவை ஒழுங்காகச் சாத்தலாம். வெளியேறும் பாதையில் இல்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிக் கையில் கொண்டுவந்து இங்கே வைக்கலாம்!

சிவமலர் அக்கா விடவில்லை. "ஐயோ, படிச்ச பெடியளின்ர தொப்பி வச்ச இடத்தில செருப்போ? தலையில போட்டதெல்லே!"

மொழிபெயர்த்தேன். அதிபர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எனக்கு யாரும் தொப்பி தரவில்லை. தாராளமாக வையுங்கள்."

இப்போதைய நிலவரம்: நடைபாதை காலி. சப்பாத்துகள் தொப்பித் தட்டுகளில். சின்னவர்களுக்கு ஏடு தொடக்கியாயிற்று. வகுப்பு நடக்கிறது.