என் பிரச்சினை தீர்ந்த கதை

மருமகள் புத்த மதத்தில் சேர்ந்ததில் எனக்குக் கோபம் இல்லை. என் முருகன் படத்தை எடுக்கச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கெலாங் பாத்தாவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பிலேயே ஒரு சீன டீச்சர் வீட்டில் மாதம் ஒரு கூட்டம் நடக்கும். மந்திரம் சொல்லி முடித்ததும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கஷ்டத்தைச் சொல்வார்கள். முதலாளி திட்டுகிறான், பையன் படிக்கவில்லை, புருஷன் குடிக்கிறான் என்று எல்லாம் வரும். மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்கள். சொன்னவர் அடுத்த மாதம் வந்து, அது எப்படித் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். தீர்ந்தது என்றால் கைதட்டுவார்கள்.

மகனுக்கும் மருமகளுக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பாலத்தைத் தாண்டினால் இருட்டித்தான் வருவார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டும் என் பொறுப்பு. கூட்டத்துக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைக் கூட்டிப் போவாள். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

மெர்சிங்கில் என் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன் செத்துப்போய்விட்டான், பிள்ளை இல்லை.

"அக்கா, கொஞ்ச நாள் வந்து கூட இரு" என்றாள் போனில்.

மகனிடம் சொன்னேன். "இப்ப எப்படிம்மா? பிள்ளைங்கள யாரு பாக்குறது? ஸ்கூல் லீவு வரட்டும்" என்றான். மருமகள் சட்டியைச் சத்தமாக வைத்தாள்.

அந்த மாதம் டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டிக்கு மட்டும் கஷ்டமே இல்லையா?" என்று மலாயில் கேட்டார். மீன் வாங்கிப் பழகிய மலாய்தான் எனக்கும் தெரியும். அதிலேயே தங்கையைப் பற்றிச் சொன்னேன், வீட்டில் விடவில்லை என்றும் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா வேண்டிக்குங்க ஆன்ட்டி. உங்க மனசு மாறினா வீடும் மாறும். அடுத்த மாசம் நல்ல சேதியோட வாங்க."

நம்பினேன். முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பாதி மட்டும் தெரிந்த அவர்கள் மந்திரத்தைச் சொன்னேன். அதற்கு முன்பே, கூட்டம் முடிந்து நடந்து வரும்போதே மருமகள் கேட்டுவிட்டாள்: "எத்தன நாளா காத்துக்கிட்டு இருந்தீங்க அத்தை, என் மானத்த வாங்க?"

அடுத்த மாதம் டீச்சர் என்னைக் கேட்டார். மருமகள் முந்திக்கொண்டாள்.

"தீர்ந்துபோச்சு டீச்சர்! பக்கத்து வீட்டுக்காரங்க சின்னம்மாவப் பாத்துக்கிறாங்க. அத்தையும் நிம்மதியா இருக்காங்க."

தங்கையின் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் மத்தியானம் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். பார்த்துக்கொள்வது என்றால் அவ்வளவுதான்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு சீனக் கிழவர் எழுந்து நின்றே தட்டினார். "இன்னும் இல்லை" என்றேன். சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். டீச்சர் குனிந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அலமாக், ஆன்ட்டிக்கு வெட்கம் லா!" எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஆள் தன் முதலாளியைப் பற்றி ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் மெர்சிங்குக்கு பஸ் ஏற்றிவிடச் சொன்னேன்.

"கூட்டத்துல எல்லாம் சரியாயிடுச்சுன்னு கைதட்டுனாங்களாமே? அப்புறம் என்னம்மா?"

தங்கைக்குப் போன் போட்டு, லீவுக்கு வருகிறேன் என்றேன்.

"வேணாம் அக்கா. செவுத்தப் புடிச்சி நடக்கப் பழகிட்டேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. என்னைத் திட்டியிருக்கலாம்.

இப்போது நான் கூட்டத்துக்குப் போவதில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மருமகளுக்கு அது இன்னும் வசதியாகப் போய்விட்டது.