ஒரே ஒரு ஷாட்டுக்கு வந்தவர்

தெலுங்கு சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை அன்று முதல் ஷாட்டைப் படத்தின் டைரக்டர் எடுப்பதில்லை. வயதும் பெயரும் உள்ள வேறொரு டைரக்டரை அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு அவர் ‘ஆக்‌ஷன்’ சொல்லுவார், மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கௌரவ இயக்கம் என்று அதற்குப் பெயர்.

பன்னிரண்டு வருஷம் ஐதராபாத்தில் உதவி டைரக்டராக வெயிலில் காய்ந்தவள் நான். மணலூர்பேட்டையில் கரும்பு வெட்டுகிறவளின் மகள். தெலுங்கைக் காதால் கேட்டே கற்றேன். நான் வேலை பார்த்த கம்பெனியில் டைரக்ட் பண்ணப் படம் கிடைத்த முதல் பெண்ணும் நான்தான். “முதல் ஷாட்டுக்கு ஒரு பெரியவர் வருவார் அம்மா” என்று தயாரிப்பாளர் சொன்னபோது பல்லைக் காட்டித் தலையாட்டினேன். அதற்காக இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

பூஜை கல்வராயன் மலையில் நடந்தது. மரவள்ளிக் காட்டில் கூலிவேலை செய்யும் ஒருத்தியின் கதை, அதனால் மலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருந்தேன். அம்மாவும் கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, தூக்குவாளியில் புளிச்சோறோடு வந்திருந்தாள். தேங்காய் உடைத்தார்கள். பெரியவர் ‘ஆக்‌ஷன்’ சொன்னார், எல்லோரும் கைதட்டினோம். மாலை போட்டோம். அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்து, கதாநாயகி மரவள்ளிச் செடியைப் பிடுங்குகிற ஷாட். பெரியவர் உட்கார்ந்தபடியே, “நல்ல புடவையா மாத்துங்க, தலையில பூ வைங்க, கிழங்கைப் பார்த்துச் சிரிக்கட்டும்” என்று தெலுங்கில் உத்தரவு போட்டார். அம்மாவுக்குப் பாஷை புரியாது, ஆனால் நாற்காலி புரிந்தது.

“இன்னாடி இது? ஒரு வாட்டிதான்னு சொன்ன. இன்னும் குந்திக்கினே இருக்காரு?”

தயாரிப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் தயங்கக்கூட இல்லை. “மலை, காடு, நாற்பது நாள். பொம்பளையால சமாளிக்க முடியுமா அம்மா? சார் பார்த்துக்குவார். போஸ்டர்ல உன் பேருதான் இருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழங்கைப் பார்த்துச் சிரிக்கிற கூலிக்காரியை இவர்கள் எங்கே பார்த்தார்கள்? பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு விட்டுப்போனவளுக்குச் சிரிப்பா வரும்? என் பெயரை ஒட்டிக்கொண்டு இந்தப் பொய்யை ஊரெல்லாம் காட்டுவார்களாம்.

நேராகக் காட்டுக்குள் நடந்தேன். கதாநாயகி நிற்க வேண்டிய இடத்தில், கேமராவுக்கு நேர் எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“எழுந்திரு. இல்லேன்னா வீட்டுக்குப் போ” என்று தயாரிப்பாளர் கத்தினார்.

“என் வீடு இந்த மலைக்குக் கீழதான் சார். எனக்கு பஸ் இருக்கு. ஐதராபாத் வரைக்கும் போக வேண்டியது நீங்கதான்” என்றேன், தெலுங்கிலேயே.

அம்மா பயந்துபோவாள் என்று நினைத்தேன். அவளோ வந்து என் பக்கத்தில் குந்தி, தூக்குவாளியைத் திறந்தாள். “வெயிலு ஜாஸ்தியாவுது. துன்னுட்டு ஒக்காரு.” இருவரும் சாப்பிட்டோம். யூனிட் மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

கேமராமேன் அந்தப் பெரியவரோடு பல படம் செய்தவர். அவர்தான் கடைசியில் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார். “மேடம், எந்த லென்ஸ் போடட்டும்?”

சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். கதாநாயகி பழைய புடவையோடு வந்து நின்றாள். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து காரை நோக்கிப் போனார். தயாரிப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நாற்பது நாளும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்தக் கம்பெனி அப்புறம் எனக்குப் படம் தரவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பெயர் மட்டும் ஐதராபாத் முழுக்கப் பரவியது. படமும் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரே இழுவை என்று எழுதினார்கள். இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இழுவையில் ஒவ்வொரு ஷாட்டையும் நான் எடுத்தேன்.