ஆவி பிடிக்கும் பிள்ளைகள்

இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரில், கைவிரல் விறைக்கும் குளிரிலும் பஸ் ஸ்டாப்பில் மாம்பழம் மணக்கும். வந்த புதிதில் மூக்கை நீட்டிக்கொண்டு பழக்கடையைத் தேடினேன், அது ஒரு கூத்து! பள்ளி யூனிஃபார்மில் நிற்கும் பிள்ளைகள் ஊதுகிற வேப் என்ற மின்சிகரெட் அது. பார்த்தால் மார்க்கர் பேனா, உள்ளே நிக்கோட்டின். "ஈஸ் இட் மேங்கோ?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டுவைத்தேன். எனக்கும் வேண்டுமாக்கும் என்று நினைத்து, சிரித்தபடி நீட்டினாள். என் மகள் நிலா வயதுதான். வீட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்டேன். "சீ, நான் தொடவே மாட்டேம்மா" என்றாள் நிலா. நம்பினேன்.

இந்த ஆடியில் ஆவடிக்கு வந்தோம். அண்ணனுக்குத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். இந்தச் சனியனை இங்கே விற்கத் தடை என்பதே எனக்குப் பாதி நிம்மதி. நான் கல்லூரிக்கு ரயிலில் போன நாட்களில், திருட்டு தம் அடித்த பையன்கள் வீட்டுக்குப் பயந்து பாக்கை மென்றுகொண்டு இறங்குவார்கள். அப்படியும் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு அந்த நாற்றமும் இல்லையே!

விமானத்தில் பிடித்த சளி நிலாவுக்கு விடவில்லை. அண்ணன் மகள் காவியாவோடு உள்ளறையில் படுத்திருந்தாள். காலையில் காபி கொடுத்த அண்ணியிடம், "ராத்திரி நல்லாத் தூங்கினாளா?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற! தைலம் வாணாம், போர்வ வாணாம். பேனா கணக்கா இன்னாமோ ஒண்ணு வச்சிகினு கீது. இழுத்தா பொக வருது. இன்னாடி இதுன்னா, 'ஆவி அத்தை'ன்னுச்சு. உங்க ஊர்ல ஆவி புடிக்கக்கூட மிஷினா?"

தமிழில் பத்து வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை, இதற்கு மட்டும் சரியான சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறாள். அண்ணிக்குத் தெரிந்த ஆவி, கொதிக்கும் குண்டானில் வருவது. காபியைக் கீழே வைத்தேன். நிக்கோட்டின், நுரையீரல், வளர்கிற வயதில் பிடித்தால் லேசில் விடாது என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பயந்து பயந்து நான் தப்பி வந்த இந்த ஊரில், என் பெட்டியோடு பெட்டியாக அதுவும் வந்து இறங்கியிருக்கிறது.

அண்ணி முகம் வெளுத்தது. "அய்யய்யோ, எங்க காவியாவுக்கும் மூக்கு அடச்சிகினு இருந்துச்சே! நான்தாம்மா நீயும் ரெண்டு இழு இழுடின்னேன். நேத்துலேர்ந்து ரெண்டும் அதக் கையவுட்டு வைக்கல..."

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. ஓடினோம். கதவு தாழிட்டிருந்தது. இருமுவது அந்த ஊர்ப் பிள்ளையா, இந்த ஊர்ப் பிள்ளையா என்று பெற்ற எங்களுக்கே தெரியவில்லை. நான் "காவியா!" என்றும் அண்ணி "நிலா!" என்றும் கத்திக்கொண்டே கதவைத் தட்டினோம்.